வில்லை எங்கிருந்து பார்ப்பது

மாஞ்சோலையிலிருந்து இறங்கினால் மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரை நெடுகக் கோயில் கொடைத் திருவிழாக்கள். கொடை என்றால் வில்லுப்பாட்டு. படமெடுப்பவரை வில்லைப்போல் சோதிக்கும் வாத்தியம் வேறில்லை. முழு நீளத்தையும் அடக்கப் பின்வாங்கினால் மேலும் கீழும் வெறுமை; டியூப்லைட்டும் மைக் ஒயரும்தான் படத்தை நிறைக்கும். பத்திரிகைப் படங்களில் பாதி இந்த ரகம்.

ஒரு முனைக்குப் போய்த் தரையோடு உட்காருங்கள். வில்லின் வளைந்த தண்டான வில்கதிரில் தொங்கும் மணிகள் கண்ணருகே பெரிதாகத் தொடங்கி, சிறுத்துக்கொண்டே போய், பாட்டை நடத்தும் புலவர் நாணைத் தட்டும் வீசுகோலில் முடியும். ஷட்டர் வேகம் 1/500 நொடி என்றால் மணிகள் பாத்திரக்கடையில் தொங்குகிற மாதிரி உறைந்துவிடும். 1/60 போதும், கோல் கலங்கட்டும், அப்போதுதான் நாண் அதிர்வது தெரியும். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வில்லோடு சேர்ந்து ஒலிக்கும் குடத்துக்குத் தனிப்படம் எடுத்தாக வேண்டும். அதன் வாயில் ஒரு கை பத்தை என்ற மட்டையால் அறைய, இன்னொரு கை காசால் பக்கத்தில் தட்டும். இரண்டு கையும் விழாவிட்டால் அது வெறும் மண்பானைப் படம். உடுக்கைக்காரரின் முழங்கை குறுக்கே வந்தால் வெட்டாதீர்கள். மேடையில் அவ்வளவு நெருக்கித்தான் உட்காருகிறார்கள்.