சேற்றில் ஒரு பிடி

உருத்திரபுரத்து வயலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்ந்ததும் உழவு இயந்திரத்தின் பின் ரயர் வழுக்கத் தொடங்கும். வரிகளுக்குள் சேறு அப்பிவிட்டால் ரயர் வெறும் உருளைதான். அதற்கு நல்ல மருந்து, ரயரோடு பூட்டும் இரும்புச் சில்லு. அதன் குறுக்குத் தகடுகள் துடுப்புப் போலச் சேற்றைப் பின்னே தள்ளும். அகலம் கூடுவதால் புதைவதும் குறையும். தகடுகளின் சாய்விலும் இடைவெளியிலும்தான் பட்டறைக்காரரின் கைத்திறன் தெரியும்: நெருக்கி வைத்தால் சேறு உதிராது. காய்ந்த நிலத்தில் ரயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிப் பாரம் ஏற்றலாம். சேற்றில் அதே பாரம் பகை. ஒரு சில்லு மட்டும் சுழன்றால் டிபரென்சியல் பூட்டை மிதிக்க, இரண்டும் சேர்ந்து சுழலும். பூட்டோடு வண்டியைத் திருப்பக் கூடாது. தார் வீதிக்கு ஏறுமுன் இரும்புச் சில்லைக் கழற்றிவிட வேண்டும்.