கூழும் சிரட்டையும்

ஆடிப்பிறப்பு வந்துவிட்டால் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வாயில் தானே வந்துவிடும். 1953 இல் மறைந்த அப்புலவர், கூழையும் கொழுக்கட்டையையும் குழந்தையின் கண்கொண்டு பார்த்துப் பாடினார். எளிய உணவு கவிதைக்குரிய பொருளாயிற்று. அது அவர் பெருமை. அதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. அப்பாட்டை நாம் வாசித்துவரும் முறையே நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

'முன்னோர் உணவுக்குத் திரும்புவோம்' என்ற குரல் இன்று எங்கும் எழுகிறது. அக்குரலில் நியாயமுண்டு. இந்நாட்டு வயல்களில் விளையாத கோதுமையின் மா, பாணாகவும் ரொட்டியாகவும் பிட்டாகவும் நம் வேளைகளைப் பிடித்துக்கொண்டது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் அதன் விலை ஏறியபோது ஏழையின் அடுப்பு பட்ட பாட்டை நாம் கண்டோம். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய வெள்ளையரிசியிலோ அதில் முப்பதில் ஒரு பங்கும் தேறாது. தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளின் கால்கள் முடங்கியதை யாவாவில் கண்டறிந்த ஐக்மன் 1929 இல் நோபல் பரிசு பெற்றார். தவிடு போகாமல் நெல்லுக் குத்திய நம் கிழவிகளுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? ஆயினும் ஒன்று: பனங்கட்டியும் இனிப்பே. நீரிழிவுக்காரருக்கு அதனை மருந்தென்று விற்பது பண்பாட்டுத் தொண்டாகாது.

இனி, அந்தப் பனங்கட்டி எங்கிருந்து வந்தது? முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி, விடியுமுன் பனையேறி, கருப்பநீரை ஒருவன் இறக்கினான்; புகையில் கண் எரிய அதனை ஒருத்தி காய்ச்சினாள். அவர்கள் உழைப்பின் இனிப்பைச் சுவைத்த ஊர், தேநீர்க்கடையில் அவர்களுக்குக் குவளை கொடுக்க மறுத்தது. சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்தது. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் அந்தச் சிரட்டைக்கு எதிராகவுமே நடந்தன. 'பாரம்பரிய உணவு' என்று நாம் உச்சரிக்கும் சொல்லுக்குள் இவ்வரலாறும் அடங்கும். புலவரின் பாட்டை டானியலின் 'பஞ்சமர்' (1972) நாவலோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் கூழ்ப்பானையைச் சுற்றி இருந்தோரும் வேலிக்கு வெளியே நின்றோரும் ஒருங்கே நம் கண்ணிற் படுகின்றனர். குழந்தைப் பாட்டிடம் இவ்வளவையும் கேட்பது முறையன்று. வளர்ந்த வாசகனிடம் கேட்பது முறையே.

இன்று நகரத்து உணவகங்களில் கூழைச் சிரட்டையில் வார்த்து, மண்மணம் என்று சொல்லி விற்கிறார்கள். வார்ப்பவர் பெரும்பாலும் அறியாமலே வார்க்கிறார். ஆனால் சிரட்டையை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். உணவு விழா மலர்களைப் புரட்டுகிறோம். ஒடியல் மாவுக்கு எத்தனை கரண்டி, புளிக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது. அம்முதியவர்களுள் ஒருவரிடமும் எவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.