கொன்றை பேதைமை உடையதோ?

சங்கச் செய்யுட்களைப் பயிலும்போது மரப்பெயர் வருமிடத்தை விரைந்து கடந்து செல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. உரையில் 'ஒருவகை மரம்' என்றிருக்கும். அவ்வளவில் அமைந்து அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். ஆயின் அகப்பாட்டில் மலர் வெறும் அணி அன்று. தலைவன் மீள்வதாகச் சொன்ன பருவம் வந்ததா, வரவில்லையா என்பதை அறிவிக்கும் சான்று அது. சான்றைப் பாராமல் வழக்கைத் தீர்ப்பது எத்தகையதோ, மரத்தைப் பாராமல் பாட்டுக்குப் பொருள் காண்பதும் அத்தகையதே. அச்சான்றைக் கண்ணாரக் காணும் வாய்ப்புத் தலைநகர்த் தமிழருக்குத் தெருவிலேயே கிடைத்திருக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931-இல் திறந்துவைக்கப்பட்ட புதுதில்லியின் அகன்ற சாலைகளை அமைத்தவர்கள் பூவினும் நிழலையே பெரிதும் நாடினர். ஆகவே வேம்பும் நாவலும் புளியும் மருதமும் வரிசையாக நடப்பட்டன. ஜன்பத் சாலையில் நிற்பதை இங்குள்ளோர் 'அர்ஜுன்' என்பர். அதுவே நம் மருதம். ஒரு திணைக்கே பெயர் தந்த மரம். அலுவலகப் பேருந்தின் சாளரம் வழியே அதனை நாள்தோறும் காணும் நம்மவருள் எத்தனை பேர் மருதத்திணை நினைவு கொள்கின்றனர்?

மார்ச்சுத் திங்களில் நகரெங்கும் 'செமல்' என்னும் மரம் இலையெலாம் உதிர்த்துச் செம்மலர் மட்டுமே தாங்கி நிற்கும். அது முள்ளிலவு. அகநானூற்றின் 11-ஆம் பாட்டில் ஔவையார், இலையின்றி மலர்ந்த இலவத்தை மகளிர் கூட்டம் ஏந்திய விளக்கு வரிசைக்கு ஒப்பிடுகின்றார். இன்று தமிழகத்தில் இலவம் என்றதும் பலர் எண்ணுவது, அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து பஞ்சுக்காக வளர்க்கப்படும் மரத்தையே. அதன் வெளிறிய பூவை மனத்திற்கொண்டு இவ்வுவமையைப் படித்தால் விளக்கு எரியாது. செம்மலர் இலவத்தைப் பார்த்தவருக்கோ உரையே வேண்டுவதில்லை.

எனினும் நம் ஆராய்ச்சிக்கு உரிய மரம் கொன்றையே. லோதித் தோட்டத்தை ஒட்டிய அம்ரிதா ஷேர்கில் சாலையில் மே மாதக் காலைப்பொழுதில் நடந்து பாருங்கள். இருமருங்கும் பொன்மாலைகள் தொங்கும். காலடியில் மஞ்சள் இதழ்கள் பரந்து கிடக்கும். பல மரங்களில் தழையே தெரியாது. சென்ற ஆண்டின் கருங்காய்கள் மட்டும் பூங்கொத்துகளிடையே நீண்டு தொங்கும். வடவர் 'அமல்தாஸ்' என்பது இதனையே.

இங்குதான் ஐயம் பிறக்கின்றது. கொன்றை கார்காலத்து மலர், முல்லைக்கு உரியது என்று படித்திருக்கிறோம். தில்லிக்குப் பருவமழை வருவதோ பெரும்பாலும் ஜூன் இறுதியில். அதற்கு ஒரு திங்களுக்கு மேல் முன்னதாகவே கொன்றை பூத்துவிடுகிறதே! வடநாட்டு வெப்பத்தின் விளைவு இது என்று ஒதுக்கவும் இயலாது. சித்திரை விஷுவுக்குக் கணிகாணக் கேரளத்தார் வைப்பதும் இப்பூவே அன்றோ? எனின், புலவர் பிழைபட்டனரோ?

குறுந்தொகையின் இரு பாட்டுகளை அருகருகே வைத்து நோக்குவோம். 66-ஆம் பாட்டு கோவர்த்தனார் பாடியது. கொன்றை பூத்தது கண்டு தலைவி கலங்குகிறாள். அவன் சொன்ன பருவம் வந்தும் அவன் வரவில்லை. தோழி தேற்றுகிறாள்: பருவம் இன்னும் வரவில்லை, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பேதைக் கொன்றை மலர்ந்துவிட்டது என்கிறாள். 21-ஆம் பாட்டு ஓதலாந்தையாருடையது. அங்குத் தலைவியே பேசுகிறாள்: கொன்றை பூத்த காடு இது கார் என்று சொன்னாலும் நான் நம்பேன், அவர் பொய் சொல்லார் என்கிறாள்.

தோழி கூற்றை, ஆற்றுவித்தற்பொருட்டுச் சொன்ன பொய் என்று பொதுவாகக் கொள்வர். பொய் என்பது உண்மையே. ஆயினும் எத்தகைய பொய்? மழைக்கு முன் வேனிலிலேயே பூக்கும் இயல்பு கொன்றைக்கு உண்டு. மே மாதத்தில் புழுதிக்காற்றோடு சிறுமழை பெய்து ஓய்ந்தபின் இச்சாலையில் நிற்பவர், தோழி சொல்லும் காட்சியையே காண்பர். நம்பத்தக்க பொய்க்கு ஏற்ற மரத்தைத் தேர்ந்திருக்கிறார் புலவர். மரத்தின் மேல் பழி போட்டுத் தோழியின் அன்பைக் காக்கிறார்.

இன்னொன்றும் காணத்தக்கது. 66-ஆம் பாட்டில் கொம்பைச் சேர்ந்த பூங்கொத்துகளே பேசப்படுகின்றன. தழை பற்றிய குறிப்பே இல்லை. 21-ஆம் பாட்டிலோ கொன்றை, பொன்னணி பூண்ட மகளிர் கூந்தல்போல் தோன்றுகிறது. பொன்னணி பூவாயின் கூந்தல் எது? கருந்தழையாகத்தான் இருத்தல் வேண்டும். மழை நெருங்கத் தளிர்த்துத் தழை அடர்ந்த பின்னும் இம்மரம் ஆங்காங்கே பூத்து நிற்பதுண்டு. முன்னது வேனிற்கொன்றை என்று வாதிட இடந்தரும் கோலம். பின்னது ஐயமற்ற கார்க்கொன்றை. ஆகவே, தோழிக்கு மறுக்க இடமிருந்தது. தலைவிக்கு அதுவும் இல்லை. கண்முன் நிற்கும் காட்டின் சாட்சியத்தையே அவள் தள்ளிவிடுகிறாள். அவளது நம்பிக்கையின் பெருமையும், அதன் அடியில் மறைந்த துயரமும் அப்போதே நமக்குப் புலனாகின்றன. இது நம் கருத்து. மரத்தைக் கண்டு மறுப்பார் மறுக்கலாம்.

மரம் இருந்தாலன்றோ மறுக்கவும் இயலும்? 2018-இல் நம்மனோர் வாழும் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றை இடித்துக் கட்டும் திட்டத்துக்காகப் பல்லாயிரம் மரங்களை வெட்ட முற்பட்டபோது, குடிமக்கள் தெருவில் இறங்கினர். தில்லி உயர்நீதிமன்றமும் வெட்டுதலுக்குத் தடை விதித்தது. ஒரு சாலையின் மரங்கள் வீழ்ந்தால் நிழலோடு ஓர் உரைநூலும் வீழ்ந்ததாகவே கொள்ளல் வேண்டும்.

தொண்ணூற்றொன்பது மலர்களை நிரல்படச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டைக் கபிலர், ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடினார் என்பது மரபு. வடபுலத்தானுக்குத் தமிழைப் பூவின் பெயர்களால் கற்பித்தனர் நம் முன்னோர். வடபுலத்தில் வளரும் நம் மக்களுக்கும் அவ்வழியே ஏற்றது. அமல்தாஸ் என்று அவர்கள் சொல்லட்டும், தடை இல்லை. கொன்றை என்றும் ஒருமுறை சொல்லிக் கொடுப்போம், மரத்தடியில் நின்று.