டேலி ஆகாத கணக்கு

மாத வருமானம் 1,661 ரூபாய். அதே மாதத்தில் குடிக்கு ஆன செலவு 1,939 ரூபாய். பி.காம். முதல் வருஷத்தில் நான் இப்படி எழுதியிருந்தால் வாத்தியார் நோட்டைத் தூக்கி விட்டெறிந்திருப்பார். ஆனால் இது தப்புக் கணக்கு இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்ந்த 113 பேரின் சராசரி! மனநல மருத்துவர் விவேக் பெனகலும் சகாக்களும் எழுதி, 2000-ல் நிம்ஹான்ஸ் ஜர்னலில் வந்த ஆய்வு.

தருமபுரிக்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் என்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டட வேலைக்கும் பெங்களூரு பஸ்தான், 'மண்டை ஆஸ்பத்திரி'க்கும் அதே பஸ்தான். ஆய்வு கர்நாடகத்தைப் பற்றியது என்றாலும், தொப்பூரைத் தாண்டியதும் தள்ளி வைத்துவிடக்கூடிய சரக்கில்லை.

சரி, துண்டு விழும் 278 ரூபாய் எங்கிருந்து வந்தது? அரிசி, வாடகை, பிள்ளைகள் படிப்பெல்லாம்? கடன். அப்புறம், 59 சதவிகிதக் குடும்பங்களை வீட்டில் வேறு யாரோ சம்பாதித்துத் தாங்கியிருக்கிறார்கள். அந்த 'வேறு யாரோ'வைப் பெண்டாட்டி என்று படித்தால் பெரும்பாலும் தப்பாகாது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு வீட்டில் பதினைந்து வயதுகூட ஆகாத பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறது, அப்பன் குடியால் விழுந்த பள்ளத்தை அடைக்க. சும்மா சொல்லக்கூடாது, ஈரலைப் பற்றி மட்டும் எழுதாமல் வீட்டு அடுப்படிவரை போய்ப் பார்த்த டாக்டர்கள் இவர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 113 பேரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர்கள். அதாவது, நோய் முற்றியவர்கள், கூட்டிவர ஓர் ஆள் இருந்தவர்கள். குடிக்கிற எல்லார் வீட்டிலும் இதே கதை என்று மேடையில் முழங்க இந்த எண் உதவாது.

எனக்குப் பெரிய மனத்தாங்கல் வேறு இடத்தில். இதே நிறுவனத்தில் குருராஜ், பிரதிமா மூர்த்தி, கிரீஷ், பெனகல் சேர்ந்து 2011-ல் கொடுத்த அறிக்கை, மதுவால் தேசத்துக்கு ஆன செலவு 24,400 கோடி, 2003-04-ல் அரசுகளுக்கு வந்த கலால் வரி 21,600 கோடி என்கிறது. பார்த்தீர்களா, வரவைவிடச் செலவு ஜாஸ்தி என்று பத்திரிகைகளும் எடுத்துப் போட்டுக்கொண்டன. ஐயா, வரவு அரசாங்கத்தின் பெயரில். செலவில் பெரும்பங்கு குடும்பத்தின் பெயரில். இரண்டையும் ஒரே லெட்ஜரில் எழுதிக் கழிக்கலாமா? அந்த 21,600 கோடியும் குடித்தவர் பாக்கெட்டிலிருந்து போனதுதானே! கழித்தால் நஷ்டம் ஏதோ 2,800 கோடி என்று தோன்றும். நிதித்துறை அதிகாரி, "எங்க கஜானாவுல ஒண்ணும் குறையலையே சார்" என்று சிரிப்பார். அவர் சொல்வது உண்மைதான். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. 2024-25-ல் அதன் வருவாய் 48,000 கோடிக்கு மேல். கஜானாவை வைத்து வாதாடினால் டாக்டர்கள் தோற்றுப்போவார்கள். அடுப்படிக் கணக்கோடு நின்றிருந்தால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சிகிச்சைக்கு வருவோம். பெங்களூரு போய்ச் சேர்ந்தால் நோயாளிக்குக் கூலி போச்சு, துணைக்கு இருப்பவருக்கும் கூலி போச்சு. அடுத்த செக்கப்புக்கு எத்தனை பேர் திரும்பிப் போவார்கள்? கோவாவில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். அடிமையாகும் நிலைக்கு வராத, ஆனால் உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் குடிக்கிற 377 ஆண்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதிகபட்சம் நாலு தடவை உட்கார்ந்து பேசினார்கள். நட்கர்னி, விக்ரம் படேல் குழு 2017-ல் 'லான்செட்'டில் வெளியிட்ட முடிவு: மூன்று மாதத்தில், பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவிகிதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26. பத்து சதவிகித வித்தியாசம்தான், அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் பஸ் ஏற வேண்டாம், கூலியை விட வேண்டாம்.

பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நிற்பவரிடம், "வாரத்துக்கு எத்தனை குவார்ட்டருங்ணா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் போட்டால், அவர் சம்பளம் என்ன ஆகும்?