வலிக்கு எத்தனை மார்க்?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை கட்டாயப் பகுதியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனாலும், பாளையங்கோட்டையில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவளாக எனக்கொரு வழக்கு உண்டு. அந்த வீட்டில் இருக்கும் பெண்களை நாம் இன்னும் பாடமாக்கவில்லை.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்ணில் கேட்கச் சொல்லித் தருகிறோம். தாமிரபரணிக் கரை முக்கூடலில் ஆயுசு முழுக்கப் பீடி சுற்றிய ஆச்சியிடம் கேட்டால், "ஒண்ணும் செய்யல தாயி" என்பாள். வலியை வெளியே சொல்லாதவளே நல்ல பொம்பளை என்று வளர்க்கப்பட்டவள். குத்துதா, கடுக்குதா, எரியுதா என்றுதான் அவளிடம் கேட்க வேண்டும். எரிகிறது என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். மார்ஃபின் மட்டும் போதாமல் போகலாம். இந்தச் சொற்கள் மாணவிக்கு வீட்டிலேயே தெரியும். ஆங்கிலப் புத்தகத்தை வைத்து நாம்தான் அவற்றை மறக்கடிக்கிறோம்.

அடுத்து மருமகள். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருப்பது யார்? படுக்கும் வேளையில் இரட்டை அளவு எழுதி, நடு ராத்திரி வேளையைத் தவிர்ப்பது மருத்துவர்களிடம் உள்ள வழக்கம்தான். அதை டாக்டரிடம் கேட்கத் தெரிந்த நர்ஸ் இரண்டு பெண்களைத் தூங்க வைக்கிறாள். விடிந்தால் மருமகள் இலை வெட்ட உட்கார வேண்டும். சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி.

'கேட்கத் தெரிந்த' என்பதில்தான் சிக்கல். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். சாகக் கிடப்பவர்களுக்கு வலி வருமுன்பே மருந்து கொடுக்கலாம் என்பதை அவர் வார்டில் கண்டார். அதை மற்றவர்கள் காதில் போட்டுக்கொள்ள, அவர் டாக்டருக்குப் படிக்க வேண்டியிருந்தது. நம் மாணவிகளுக்கு அந்த வழி இல்லை. வாய் திறந்து பேசும் பயிற்சியையாவது கொடுக்க வேண்டாமா?

நாம் கொடுப்பதோ கருணை, பொறுமை, தாய்மை பற்றிய சொற்பொழிவு. அவை பெண்ணுக்குப் பிறவியிலேயே வந்துவிடும் என்று நம்புவதால்தான், நர்ஸுக்குப் பயிற்சி குறைகிறது. மருமகளின் உழைப்பு கணக்கில் வராமலே போகிறது.

செய்முறைத் தேர்வில் ஒன்றையாவது தமிழில், ஒரு வீட்டில் நடத்துவோம். "நீங்க எத்தனை மணி நேரம் தூங்குனீக?" என்று மருமகளைக் கேட்கும் மாணவிக்கு அதற்கும் மார்க் போடுவோம்.