விருப்பு வாக்கும் பி படிவமும்

மக்கள் வாக்களிப்பதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. களத்தில் யார் நிற்பது என்பதைக் கட்சித் தலைமை தீர்மானித்துவிடுகிறது. இந்தியாவில் கட்சி கையொப்பமிட்டுத் தரும் பி படிவம் இல்லாதவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. இலங்கையிலும் வேட்புமனுப் பட்டியல் கட்சிச் செயலாளரின் கையொப்பத்தோடுதான் போகிறது. ஆனால் தலைமையின் முடிவைத் திருத்தும் வழி இலங்கை வாக்காளருக்கு உண்டு, இந்திய வாக்காளருக்கு இல்லை. அந்த வழி எத்தனை குறைகள் கொண்டதாயினும் காக்கத்தக்கது. அது மட்டும் போதாது என்பதும் உண்மை.

1989 பொதுத்தேர்தல் முதல் இலங்கையில் கட்சிக்கு ஒரு வாக்கும், அதன் பட்டியலில் உள்ள மூவர் வரைக்கும் விருப்பு வாக்கும் அளிக்கலாம். 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சியின் தலைவர் தேர்தலில் சிறீதரன் 184 வாக்குகளும் சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். வழக்கு வந்ததால் அந்த முடிவு நடைமுறைக்கு வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடத்தை விருப்பு வாக்குகள் சிறீதரனுக்கே அளித்தன. கட்சிக்குள் தீராத கேள்விக்கு, அந்தத் தேர்தலைப் பொறுத்தவரை, வாக்காளரே விடை சொன்னார்கள். இந்தியாவில் இதே நிலை வந்தால், வேட்பாளரைப் பிடிக்காத தொண்டர் சின்னத்தையே கைவிட வேண்டும். அல்லது மனமின்றி அதற்கே வாக்களிக்க வேண்டும்.

விருப்பு வாக்கு ஒரே கட்சிக்காரர்களுக்குள் பகை மூட்டுகிறது, மாவட்டம் முழுவதும் செலவழிக்க வல்லவருக்கே சாதகமாகிறது என்பார்கள். இது மெய்யான குறைதான். பணத்தைக் கட்டுப்படுத்துவதே அதற்கு மருந்து. 2023இல் வந்த தேர்தல் செலவுச் சட்டம் அந்தத் திசையில் ஓர் அடி. வாக்காளரின் உரிமையைப் பறிப்பது மருந்தாகாது. இதைவிடப் பெரிய ஓட்டை, கட்சியே உறுப்பினரை நியமிக்கும் தேசியப் பட்டியல். தோற்றவரையும் அதன்வழி உள்ளே கொண்டுவரலாம். 2020இல் கொழும்பில் தோற்ற ரணில் விக்கிரமசிங்க, 2021இல் தம் கட்சியின் ஒரே தேசியப் பட்டியல் இடத்தில் நாடாளுமன்றம் புகுந்து, 2022இல் ஜனாதிபதியானார்.

இந்தியாவில் காங்கிரஸ் 2014 மக்களவைத் தேர்தலின்போது சில தொகுதிகளில் கட்சியினரே வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. வதோதராவில் நரேந்திர மோடி நிற்பது உறுதியானதும், அப்படித் தேர்வானவர் விலகி மூத்த தலைவர் மதுசூதன் மிஸ்திரிக்கு வழிவிட்டார். உட்கட்சி வாக்கெடுப்பு பலிக்காது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது. தலைமை விரும்பினால் விலக்கிக்கொள்ளக்கூடிய சலுகையாக அது இருந்ததே கோளாறு. சாதியும் பணமும் உட்கட்சித் தேர்தலைக் கைப்பற்றிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் நேர்காணல் அறையிலும் தொகுதிப் பங்கீட்டுப் பேச்சிலும் அவை இன்றே இருக்கின்றன. அங்கே கணக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்பதுதான் வேறுபாடு.

ஆகவே இரு நாடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டியதை விட, இரண்டும் சேர்ந்து செய்ய வேண்டியதே அதிகம். கட்சிகளுக்குள் சனநாயகம் சட்டப்படி கட்டாயமாக வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 1999இலேயே பரிந்துரைத்தது. வேட்பாளர் தேர்வில் உறுப்பினர் வாக்கெடுப்பைக் கட்சிப் பதிவுக்கு நிபந்தனையாக்குங்கள். இலங்கையில், மக்கள் நிராகரித்தவருக்குத் தேசியப் பட்டியலை மூடுங்கள். கொடி கட்டவும் வாக்குக் கேட்கவும் தொண்டரை அழைக்கும் கட்சி, வேட்பாளரைத் தீர்மானிக்கவும் அவரை அழைக்கக் கடமைப்பட்டது.