ஏற்றிச் செல்லும் வண்டி, இறக்கிவிடும் மலை

மலைச் சைக்கிளின் கதையில் பிக்கப் டிரக்குக்கும் ஓர் இடம் உண்டு. கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் மலையிறக்கப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். பருத்த டயரும் கனத்த இரும்புச் சட்டமும் கொண்ட பழைய ஷ்வின் சைக்கிள்களை பிக்கப்பில் போட்டு மேலே கொண்டுபோவார்கள். மூன்றரை கிலோமீட்டருக்குள் சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரம் வருவதற்குள் பின்சக்கர ஹப் கொதித்து, கிரீஸ் உருகிப் புகையும். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். 1977-ல் அந்தப் பந்தயக்காரர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே தனிச் சைக்கிள் சட்டம் செய்தார்.

இன்று டிஸ்க் பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் வந்துவிட்டன. பிக்கப் மட்டும் மவுசு குறையாமல் நிற்கிறது. பின்கதவின் மேல் தடித்த மெத்தை ஒன்றைப் போர்த்தி, முன்சக்கரத்தை வெளியே தொங்கவிட்டு, சட்டத்தை அதில் சாய்த்து வாரால் இறுக்கினால் வேலை முடிந்தது. ஐந்தாறு சைக்கிள்கள் ஒன்றையொன்று உரசாமல் வரிசையாக நிற்கும் அழகே அழகு! கூரைமேல் கட்டினால் தலைக்குமேல் தூக்க வேண்டும். மறந்துபோய்த் தாழ்ந்த ஷெட்டுக்குள் நுழைந்தால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு. வண்டி வாங்குபவர்கள் குதிரைசக்தியை அப்புறம் கேட்கட்டும். சேற்றுச் சைக்கிளை யோசிக்காமல் உள்ளே போட முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.